வக்கீல் மருமகனே, அந்தக் கையெழுத்து யாரோடது?

கையெழுத்துப் போட்ட படம், கையெழுத்துப் போட்ட படம்னு போறவன் வர்றவன்கிட்டயெல்லாம் பீத்திக்கிட்டு இருக்கியாமே மருமகனே. உன் அத்தை போனுக்கு நீ அனுப்பின போட்டோவை நானும் கண்ணாடி மாட்டிக்கிட்டுப் பார்த்தேன். கறுப்பு அங்கி போட்ட வக்கீல் ஒருத்தர் நெஞ்சை நிமித்திக்கிட்டு வர்றாரு. கூடவே கேசுல தோத்துட்டு வர்ற கட்சி. கேசு போனா என்ன, தான் வாதாடின அழகைக் கேக்குற பாக்கியம் கெடைச்சுச்சேங்கிற தோரணை அந்த வக்கீலுக்கு. படம் அம்சமாத்தான் இருக்கு, குத்தம் சொல்ல மாட்டேன். கீழ வலது மூலையில பென்சில்ல வளைச்சு நெளிச்சு 'ஒனொரே தோமியே'. இடது மூலையில 37/200.

சிரிக்கக் கூடாதுன்னுதான் பார்த்தேன். முடியலை.

கோர்ட்ல கைநாட்டுக்கும் கையெழுத்துக்கும் நாள் பூராத் தொண்டை கிழியக் கத்துற ஆளு நீ. கிரயப் பத்திரத்துல இனிஷியலுக்குப் புள்ளி ஒண்ணு தள்ளி விழுந்திருந்தா நிபுணருக்கு அனுப்பணும்னு மனுப் போடுவே. பாரிஸ்ல ஆத்தங்கரைக் கடையில ஒருத்தன் நீட்டினதும், சாட்சி கேக்கலை, குறுக்கு விசாரணை பண்ணலை, துட்டை எண்ணி வச்சுட்டு வந்துட்டே. சரி, போகட்டும். இன்னிக்கு ஒரு நாள் நீ கட்சிக்காரன், நான் வக்கீல். ஃபீஸா சாத்தூர் காராச்சேவு அரைக்கிலோ கொண்டா, போதும்.

இந்தப் பட்டிக்காட்டு மாமனுக்கு பிரெஞ்சுக்காரன் படத்தைப் பத்தி என்ன தெரியும்னு நீ மனசுக்குள்ள கேக்குறது எனக்குக் கேக்குது. சிவகாசியில லித்தோ ஆபீஸ்ல கல்லுத் தேய்ச்ச கைய்யா இது. தீப்பெட்டி லேபிள் அடிச்சு முடிச்ச கல்லைப் போட்டு, மணலும் தண்ணியும் விட்டு, இன்னொரு கல்லை மேல வச்சு அரைச்சு, பழைய படம் தடம் தெரியாமப் போறவரைக்கும் தேய்க்கணும். முதலாளி வந்து விரலால தடவிப் பார்ப்பாரு. முந்தின படத்தோட வாடை தெரிஞ்சாலும் மறுபடியும் தேய்டாம்பாரு. படம் வரையிறவனுக்குப் பேரு கெடைச்சுச்சு. எங்களுக்கு இடுப்பு வலி கெடைச்சுச்சு.

உன் படத்தைப் புரிஞ்சுக்கணும்னா மொதல்ல அந்தக் கல்லைப் புரிஞ்சுக்க. 1796 வாக்குல மூனிச்சுல அலாய்ஸ் செனெஃபெல்டர்னு ஒரு நாடகக்காரர் இருந்தாரு. தன் நாடகத்தைத் தானே அச்சுப் போட ஆசை, கையில துட்டு இல்லை. மலிவா ஏதாவது வழி உண்டான்னு தோண்டித் துருவி, பவேரியாவுல சோல்ன்ஹோஃபென் பக்கம் வெட்டியெடுக்குற சுண்ணாம்புக் கல்லுல வந்து நின்னாரு. கொழுப்புச் சேர்ந்த கிரயானால கல்லு மேல நேரா வரையணும். வரைஞ்ச பிறகு கோந்துல துளி ஆசிட் கலந்து பூசி ஆற விடணும். அப்புறம் கல்லை நனைச்சா, கிரயான் பட்ட இடத்துல தண்ணி நிக்காது, மத்த இடத்துல நிக்கும். மை ரோலரை உருட்டினா ஈரம் இருக்குற இடம் மையை அண்ட விடாது, கிரயான் தடம் மட்டும் பிடிச்சுக்கும். தாளை விரிச்சு அழுத்து, படம் வந்திரும். குழி இல்லை, மேடு இல்லை, உளி வேலை எதுவும் இல்லை. ஓவியரு கல்லு மேல எப்படிக் கையை ஓட்டினாரோ அது அப்படியே தாள்ல வரும்.

அப்படியேன்னா இடம் வலம் மாறி வரும். அதனால எழுத்தைக் கல்லுல திருப்பி எழுதணும். எங்க ஆபீஸ் ஆர்ட்டிஸ்ட் அண்ணாச்சி திருப்பி எழுதியே பழகிப்போயி, வீட்டுல பால் கணக்கைக் கூட அப்படி எழுதி வச்சு, பால்காரன் கண்ணாடி கொண்டுவரச் சொன்னான்னு ஒரு பேச்சு உண்டு. அண்ணாச்சி கடைசி வரை அதை மறுக்கவும் இல்லை, ஒத்துக்கவும் இல்லை.

உன் படத்தை வரைஞ்ச தோமியேயும் அந்தச் சாதிக்காரர்தான். நாற்காலிக் காலடியிலயோ தரை நிழல்லயோ, தன் பேரோட மொத எழுத்து ரெண்டைப் போடுவாரு. மொதல் எழுத்து சின்னது, ரெண்டாவது பெரிசு. கல்லுல திருப்பிப் போட்டாத்தான் தாள்ல நேரா நிக்கும். அதுதான்யா அவரு கையெழுத்து. அந்தக் கல்லுல இருந்து எத்தனை தாள் இழுத்தாங்களோ அத்தனையிலயும் அது இருக்கும். அதுக்குன்னு தனி விலை கிடையாது.

பென்சில் சமாச்சாரத்துக்கு வருவோம். தாளுக்குத் தாள் அடியில பென்சில்ல கையெழுத்துப் போடுறதை ஒரு வழக்கமாக்கி விட்டது விஸ்லர்ங்கிற ஓவியர் மாதிரி ஆளுங்க, 1880-கள்ல. நம்ம ஆளு கண்ணை மூடினது 1879 பிப்ரவரியில. அதுக்கும் முன்னாடியே கண்ணுல பார்வை மங்கி, கிரயானையே கீழ வச்சிட்டாரு. அப்படின்னா உன் படத்துல கையெழுத்துப் போட்டது யாருன்னு நான் கேக்கலை. நீ வக்கீல், உனக்கே தெரியும்.

அந்த 37/200 இருக்கே, இருநூறு பிரதியில இது முப்பத்தேழாவதுன்னு அர்த்தம், அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. உன் வக்கீல் படம் எங்க வந்துச்சு? 'ல ஷரிவாரி'ங்கிற தினப் பத்திரிகையில வந்துச்சு. தெனம் ஒரு புதுப் படம் போடுவோம்னு சொல்லியே 1832 டிசம்பர்ல ஆரம்பிச்ச பத்திரிகை. ஆயிரக்கணக்குல அடிச்சு, காப்பிக் கடையிலயும் வீட்டுலயும் படிச்சுட்டு மடிச்சுப் போட்ட தாளு. தினத்தந்திக்கு எவனாவது 37/200-னு நம்பர் போடுவானாய்யா?

உன்னை மட்டும் கேலி பண்ணிப் பயனில்லை, உலகமே இந்தப் பென்சில் கிறுக்குல விழுந்துதான் கெடக்கு. சால்வதோர் டாலின்னு மீசைக்கார ஓவியர் ஒருத்தர். 1974-ல பிரெஞ்சுச் சுங்கக்காரங்க அந்தோராவுக்குப் போன வண்டி ஒண்ணை மறிச்சுப் பார்த்தா, உள்ள அவரு கையெழுத்து மட்டும் போட்ட வெறுந்தாளு, 40,000 வாக்குல. படம் பின்னாடி வந்து சேருமாம். வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்கி வச்சிருக்குறவனை நீ கோர்ட்ல என்ன பேரு சொல்லிக் கூப்பிடுவே? கலை உலகத்துல அவனுக்குப் பேரு வியாபாரி.

வெவரமான வியாபாரி பொய்யே சொல்ல மாட்டான், அதையும் கேட்டுக்க. 'கையெழுத்துள்ள லித்தோகிராஃப்'னு சீட்டுல எழுதியிருப்பான். கல்லுல போட்ட ரெண்டு எழுத்தைத்தான் சொன்னேம்பான். சத்தியம்தான். பென்சிலால எழுதினதா அவன் எங்கயாவது சொன்னானா? சொல்லலை. வாங்கினவன் மனசுல தானா முளைச்ச பென்சிலுக்கு விற்றவன் பொறுப்பில்லைன்னு நீயே வாதாடி ஜெயிச்சிருவே.

ஆனா அந்தக் கல்லுல போட்ட ரெண்டு எழுத்து லேசுப்பட்டது இல்லை. அதுக்கு அவரு கொடுத்த விலை நீ கொடுத்ததை விட அதிகம். அதைச் சொல்லாம விட்டா எனக்குச் சோறு இறங்காது.

1830 ஜூலையில பாரிஸ் சனங்க தெருவுல தடுப்புப் போட்டு ஒரு ராசாவை விரட்டினாங்க. அடுத்து வந்தவரு லூயி ஃபிலிப். நான் குடிமக்களோட ராசான்னு சொல்லிக்கிட்டு, குடையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுத் தெருவுல நடந்து போறவரு. இனிமே தணிக்கைங்கிற பேச்சே கிடையாதுன்னு சாசனத்துல எழுதியும் கொடுத்தாரு. எழுதிக் கொடுத்ததை நம்பிட்டானுங்க பாவம். அந்த வருஷ நவம்பர்லயே சார்ல் ஃபிலிப்போன்ங்கிற ஆளு 'லா கரிக்காத்தூர்'னு வாரப் பத்திரிகை ஆரம்பிச்சாரு. இவரும் படம் வரையிறவருதான், ஆனா ஆள் பிடிக்கிறதுலயும் ஆளுங்களை வேலை வாங்குறதுலயும் கெட்டிக்காரரு. கண்ணாடி மாட்டுற தொழில்காரரு மகன், மார்செய் ஊர்ல பொறந்து பாரிஸ்ல வளர்ந்த பையன் ஒருத்தனைப் பிடிச்சுப் போட்டாரு. அவன்தான் தோமியே.

பையன் 1831 கடைசியில ஒரு படம் போட்டான். 'கர்கான்துவா'ன்னு பேரு, பழைய பிரெஞ்சுக் கதையில வர்ற தின்னி மாடனோட பேரு. படத்தை இப்ப மனசுல கொண்டா. மலை மாதிரி ராசா உக்காந்திருக்காரு. வாயில இருந்து தரை வரைக்கும் நீளமா ஒரு பலகை சாத்தியிருக்கு. கீழ, கந்தல் கட்டின ஏழைங்க தங்கிட்ட இருக்குற காசைக் கூடையில போடுறாங்க. குட்டி குட்டி ஆளுங்க கூடையைச் சுமந்துக்கிட்டுப் பலகையில ஏறிப் போயி ராசா வாயில கொட்டுறாங்க. அது வரைக்கும் சரி. ராசா உக்காந்திருக்குறது என்ன ஆசனம்னு உத்துப் பார்த்தாத்தான் வம்பு. கொல்லைக்குப் போற ஆசனம். வாயில போன காசு, கீழ வழியாப் பட்டமா, பதவியா, உத்தரவா வெளிய வருது. அதைப் பொறுக்குறதுக்குக் கனவான்கள் முண்டியடிக்கிறாங்க.

நாத்தம் பிடிச்ச படம்தான். வரிப்பணம் எங்க போயி என்னவா வருதுன்னு இதை விடச் சுருக்கமாச் சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை.

போலீஸ் வந்துச்சு, கல்லையும் தாளையும் பறிச்சுச்சு. யாரு போட்டதுன்னு தேடி அலைய வேண்டிய தேவையே இல்லை. 1832 பிப்ரவரியில, பையனுக்கு 24 வயசு நிறையிற மாசத்துல, ஆறு மாசம் ஜெயில், 500 பிராங்கு அபராதம்னு தீர்ப்பு. படத்தை வெளியிட்டவருக்கும் அச்சடிச்சவருக்கும் சேர்த்துத்தான். மொதல்ல உள்ள போடாம விட்டு வச்சாங்க, பயந்து அடங்குவான்னு. பையன் அடங்கலை, அடுத்த படத்தைப் போட்டான். ஆகஸ்ட் கடைசியில கொண்டுபோயி சென்ட் பெலாஜி ஜெயில்ல அடைச்சாங்க. கொஞ்ச மாசம் கழிச்சு டாக்டர் பினெல் நடத்துன மனநல விடுதிக்கு மாத்தி, மிச்சத் தண்டனையை அங்கன கழிக்க விட்டாங்க. ராசாவைக் கேலி பண்றவனுக்குக் கோட்டி பிடிச்சிருக்கும்னு சர்க்காரே முடிவு பண்ணிருச்சோ என்னவோ.

உனக்குத் தொழில்ல பிரயோசனப்படுற மாதிரி ஒண்ணு சொல்றேன். ஃபிலிப்போன் மேல 1831 நவம்பர்ல ஒரு கேசு, ராசாவோட முகத்தைப் படத்துல அவமானப்படுத்திட்டாருன்னு. அவரு கூண்டுல நின்னு தாளும் பேனாவும் எடுத்து நாலு படம் வரைஞ்சு காட்டினாரு. மொதல் படம் ராசா மூஞ்சி அசல். ரெண்டாவதுல கன்னம் கொஞ்சம் தொங்குது. மூணாவதுல இன்னும் தொங்குது. நாலாவது வெறும் பேரிக்காய். 'மொதல் படம் குத்தம்னா ரெண்டாவதும் குத்தம். அப்படியே போனா கடைசியில இந்தப் பேரிக்காயையும் நீங்க ஜெயில்ல போடணும்'ங்கிறதுதான் வாதத்தோட சாரம். நீ உன் சர்வீஸ்ல இப்படி ஒரு வாதத்தை எடுத்து வச்சிருப்பியா? கேசு என்னமோ தோத்துப் போச்சு. ஆறு மாசமும் 2,000 பிராங்கும். ஆனா அன்னையிலிருந்து பாரிஸ் சுவரு பூராப் பையங்க கரியால பேரிக்காய் வரைய ஆரம்பிச்சுட்டாங்க. மேல்முறையீட்டுல அதை ரத்துப் பண்ண முடியுமா?

அதோட விடலை. 1834 பிப்ரவரியில ஃபிலிப்போனோட இன்னொரு பத்திரிகையான ஷரிவாரி மேல வந்த தீர்ப்பை அதே பத்திரிகையில அச்சடிக்கணும்னு உத்தரவு. போட்டாங்க. ஒரு வார்த்தை குறைக்கலை, ஒரு வார்த்தை கூட்டலை. அச்சுக் கோத்தவர் கொஞ்சம் கலைநயம் உள்ளவரு. வரிகளை மேல குறுக்கி, கீழ அகட்டிக் கோத்துட்டாரு. பக்கத்தைத் தள்ளி நின்னு பார்த்தா தீர்ப்பு பேரிக்காய் மாதிரி நிக்குது. கோர்ட் உத்தரவை இதை விடப் பயபக்தியா நிறைவேத்தினவன் உண்டான்னு உன் சீனியர்கிட்டக் கேட்டுச் சொல்லு.

அபராதம் மேல அபராதம். கட்டுறதுக்குத் துட்டு? ஃபிலிப்போன் ஒரு மாசச் சங்கம் தொடங்கினாரு. சந்தா கட்டினவங்களுக்கு மாசம் ஒரு பெரிய லித்தோ, நல்ல தாள்ல. சர்க்கார் போடுற அபராதத்தைச் சர்க்காரைக் கேலி பண்ணின படத்தை வித்தே கட்டுறது. அந்த வரிசைக்குத் தோமியே போட்ட ஒண்ணுல சட்டசபை ஆளுங்க வரிசை வரிசையா உக்காந்திருக்காங்க. எங்க பார்த்தாலும் தொப்பை. ஒருத்தர் தூங்குறாரு, ஒருத்தர் மூக்கை நோண்டாத குறையா உக்காந்திருக்காரு, ரெண்டு பேரு காதைக் கடிக்கிறாங்க. சபைக்கார மூஞ்சிங்களைப் பார்த்து வச்சு, களிமண்ணுல சின்னச் சின்னத் தலையாப் பிடிச்சு வர்ணமும் பூசி முன்னாடி வச்சுக்கிட்டு வரைஞ்சவரு அவரு. அந்த மண்தலைங்க இன்னிக்கும் பாரிஸ்ல ஓர்சே மியூசியத்துல இருக்கு. அடுத்த தடவை போனா ஆத்தங்கரைக் கடைக்குப் போறதுக்கு மொதல்ல அங்க போ.

அதே 1834-ல அந்தச் சங்கத்துக்குப் போட்ட இன்னொரு படத்தைப் பத்திச் சொல்லும்போது எனக்குக் கேலி வராது. ஏப்ரல்ல பாரிஸ்ல கலவரம். திரான்ஸ்னொனேன் தெருவுல ஒரு வீட்டுப் பக்கமிருந்து சுட்டாங்கன்னு சொல்லி, பட்டாளத்துக்காரங்க அந்த வீட்டுக்குள்ள பூந்து, தூக்கத்துல இருந்து எந்திரிச்சு வந்த சனங்களைக் கொன்னு போட்டாங்க. தோமியே வரைஞ்சது ஒரு படுக்கை அறை. படுக்கை கலைஞ்சு கெடக்கு, நாற்காலி கவுந்து கெடக்கு. ராத்திரிச் சட்டையும் குல்லாவுமா ஒரு ஆளு கட்டில்ல சாஞ்சு தரையில விழுந்து கெடக்குறான். அவன் அடியில ஒரு பச்சைப்புள்ளை. ஒரு ஓரத்துல கெழவன் தலை, இருட்டுக்குள்ள ஒரு பொம்பளை. பெரிய மூக்கு இல்லை, தொப்பை இல்லை, கீழ தெருப் பேரும் தேதியும் மட்டும். சர்க்கார் அந்தக் கல்லையும் கைக்குச் சிக்கின தாளையும் பறிச்சுக்கிட்டுப் போச்சு. அதுல தப்பினது இன்னிக்குப் பெரிய மியூசியங்கள்ல இருக்கு.

1835 ஜூலையில ராசா மேல குண்டு வீசாத குறையா, பல குழல் துப்பாக்கி ஒண்ணைக் கட்டி வச்சு ஒருத்தன் சுட்டான். ராசா பிழைச்சுக்கிட்டாரு, பக்கத்துல பல பேரு செத்தாங்க. செப்டம்பர்ல புதுச் சட்டம்: இனிமே படம்னா முன்கூட்டிக் காட்டி அனுமதி வாங்கணும். தணிக்கையே கிடையாதுன்னு சாசனத்துல எழுதிக் கொடுத்தீங்களே சாமின்னு கேட்டதுக்கு வந்த பதிலு வக்கீலு மூளையில மட்டும்தான் உதிக்கும். சாசனம் கருத்துக்குத்தான் பாதுகாப்பு, எழுத்து கருத்து, படம் செயல். அவ்வளவுதான், கதை முடிஞ்சுச்சு.

ராசாவைப் போட முடியலைன்னதும் தோமியே ஊரைப் போட்டாரு. கம்பெனி ஆரம்பிச்சு ஏமாத்துறவன், மருந்து விக்கிறவன், வீட்டுக்காரன், வாடகைக்காரன், படம் வாங்க வந்து மூக்குக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்க்குற ரசிகன் (இது யாருன்னு நான் சொல்லலை). 1845-லிருந்து 1848 வரைக்கும் வக்கீல், நீதிபதி, கட்சிக்காரன்னு ஒரு வரிசை. உன் படம் அதுல ஒண்ணு. சின்ன வயசுல அமீனா ஆபீஸ்ல எடுபிடி வேலை பார்த்தவரு. அப்புறம் குத்தவாளியாவே கோர்ட்ல நின்னவரு. அதனால உங்காளுங்களை நல்லாவே கவனிச்சிருக்காரு. அங்கியை விசிறி அடிக்கிறது, வாதாடும்போது வர்ற கண்ணீரு, கோர்ட் விட்டதும் அந்தக் கண்ணீரு காயிற வேகம், எதிரெதிரா நின்னு கத்தினவங்க படியில தோள் மேல கைபோட்டு இறங்குறது எல்லாம் இருக்கு. அங்க உள்ள கோர்ட்டுல வச்சு எழுதினாரோ, மதுரையில வச்சு எழுதினாரோன்னு எனக்கே சந்தேகம் வந்திருச்சு.

ஆனா வேடிக்கை என்னன்னா, அந்த வரிசையை அன்னிலேருந்து இன்னிக்கு வரைக்கும் தேடித் தேடி வாங்குறது வக்கீலுங்கதான். வியாபாரிங்க பழைய பைண்டுப் புத்தகத்தைப் பிரிச்சு, வக்கீல் படமெல்லாம் தனியா, டாக்டர் படமெல்லாம் தனியா எடுத்து, அதுக்கு மட்டும் விலையை ஏத்தி வைப்பாங்களாம். திட்டு வாங்கினவனே துட்டுக் கொடுத்து வாங்கி, பிரேம் போட்டு, தன் நாற்காலிக்குப் பின்னாடி மாட்டிக்கிறது மாதிரி ஒரு தண்டனையைத் தோமியேக்கு ஆறு மாசம் கொடுத்த நீதிபதி கூட யோசிச்சிருக்க மாட்டாரு.

ஒண்ணு சொல்லணும். படத்துக்குக் கீழ பிரெஞ்சுல எழுதியிருக்கே, அது பல படங்கள்ல தோமியே எழுதினது இல்லை. ஃபிலிப்போனும் பத்திரிகைக்காரங்களும் எழுதிச் சேர்த்தது. அவருக்கு மூஞ்சியும் முதுகும் போதும். கீழ உள்ளதைக் கையால மறைச்சுட்டுப் பாரு, ஜோக்கு அப்படியே இருக்கும்.

இப்ப மாமன் சொல்ற யோசனை. பென்சிலை ரப்பர் போட்டு அழிக்காதே. தாளு கெடும், ஆதாரமும் அழியும், ரெண்டாவது உனக்குத் தெரிஞ்ச செக்ஷன்தான். கேசும் போடாதே. போட்டா எதிர்த்தரப்பு வக்கீல் உன்னைக் கூண்டுல ஏத்தி, 'செத்தவர் கையெழுத்தை நீங்க சரிபார்க்கலையா கற்றறிந்த நண்பரே'ம்பான்.

ஒரு நல்ல பிரேம்காரனை வச்சு, பைய, படத்தைப் பிரிச்சுப் பின்பக்கத்தைப் பாரு. முன்பக்கத்தைப் பத்தி நூறு பேரு ஏமாத்தலாம், முதுகைப் பத்தி ஏமாத்துறது சிரமம். பின்னால பத்திரிகை எழுத்து, அந்தக் கால விளம்பரம், நாடகச் செய்தின்னு ஏதாவது இருந்தா, பென்சிலு போலியா இருந்தாலும் படம் அசல். 1840-கள்ல ஒரு காப்பிக் கடையில எவனோ விரிச்சுப் பார்த்துச் சிரிச்ச அதே தாளு. வியாபாரிங்க பின்னால எழுத்து தெரியுதுன்னு அதுக்கு விலையைக் குறைப்பாங்க. நீ குறைக்காதே. பின்பக்கம் வெறுமையா இருந்தா ரெண்டுல ஒண்ணு. வெள்ளைத் தாள்ல தனியா இழுத்த ஒசத்திப் பிரதியா இருக்கலாம், இல்ல நேத்து அடிச்ச நகலா இருக்கலாம். அதுக்கு பூதக்கண்ணாடி. கல்லுல போட்டதுன்னா கிரயான் தடம் கல்லோட மணலு மணலா, ஒழுங்கில்லாம உதிர்ந்து தெரியும். புள்ளி புள்ளியா வரிசைகட்டி நின்னா அது ஆஃப்செட்டுய்யா, நம்ம சிவகாசியிலயே அடிச்சிருக்கலாம். ஓரத்துல ஓபேர்னு ஒரு பேரும் பாரிஸ் விலாசமும் இருக்கான்னு பாரு. ஃபிலிப்போன் தன் மச்சானோட நடத்தின கடை அது. கடை சன்னல்ல தொங்கின படத்தைப் பார்க்கவே கூட்டம் கூடுமாம். கலரு அடிச்சிருந்தா இன்னும் சந்தேகப்படு, பல பேரு பின்னால பூசி விட்டிருக்காங்க.

அந்தக் கல்லு எங்க போச்சுன்னு கேப்பே. எங்க ஆபீஸ்ல போன இடத்துக்குத்தான். தேய்ச்சு, அடுத்த படத்துக்கு. ஒரு 4,000 லித்தோ தோமியே போட்டிருக்காரு. அத்தனைக்கும் கல்லுத் தேய்ச்சவன் பேரை எவனும் எங்கயும் கையெழுத்துப் போட்டு வைக்கலை, அதையும் கவனி.

கடைசிக் காலத்துல தோமியேக்கு வாடகை கொடுக்க வழியில்லாம, கோரோங்கிற ஓவியரு வால்மொந்துவா ஊர்ல வீடு பிடிச்சுக் கொடுத்ததாச் சொல்வாங்க. 1870-ல சர்க்கார் கொடுக்க வந்த பெரிய விருதை வேண்டாம்னு திருப்பின ஆளு. சாகுறதுக்கு முந்தின வருஷம் வச்ச கண்காட்சியில செலவுக்குக் கூட வரவு வரலை. இன்னிக்கு அவரு பேரைப் பென்சில்ல எழுதத் தெரிஞ்சவன் உன்னை மாதிரி ரெண்டு வக்கீலைப் பிடிச்சா மூணு மாசத்துக்கு உக்காந்து சாப்பிடலாம்.

படத்தை அலுவலகத்துலயே மாட்டு, தப்பில்லை. ஆனா உன் முதுகுக்குப் பின்னாடி வேண்டாம். எதிர்ச் சுவத்துல, நீ தெனம் நிமிர்ந்தா கண்ணுல படுற மாதிரி மாட்டு. வெயில் படாம பார்த்துக்க. கட்சிக்காரன் கையெழுத்தைக் காட்டி இது ஒரிஜினலான்னு கேட்டா, பென்சிலு ஒரிஜினல் பென்சில்தான்னு சொல்லு, பொய் சொன்ன பாவம் வராது.

பிரேம் போட்ட செலவை மட்டும் எவன் கேசுலயும் இதரச் செலவுன்னு ஏத்திராதே மருமகனே. அதுக்கும் அந்த ஆளு ஒரு படம் போட்டு வச்சிருப்பாரு, எனக்குச் சந்தேகமே இல்லை.